சென்னையிலிருந்து தென்காசிக்குக் குடிபெயர்வது: எது முதலில், எது பிறகு

கேள்வியின் சுருக்கம் இது. வேளச்சேரியில் வாடகை வீடு. கணவருக்கு மென்பொருள் வேலை, வீட்டிலிருந்தே செய்யலாம், மாதம் ஒருமுறை அலுவலகத்தில் தலைகாட்ட வேண்டும். மனைவி தனியார் பள்ளி ஆசிரியை. எட்டாவதும் மூன்றாவதும் படிக்கும் இரண்டு பிள்ளைகள். சர்க்கரை நோயும் ஸ்டென்ட் வைத்த இதயமுமாக அம்மா. எல்லோரும் மே மாதத்தில் தென்காசிக்குக் குடிபோகலாமா, என்னென்ன பார்த்துக்கொள்ள வேண்டும்?

போகலாம். தென்காசி இப்போது மாவட்டத் தலைநகர். 2019 நவம்பர் 22 முதல் திருநெல்வேலியிலிருந்து பிரிந்து தனி மாவட்டமாக இயங்குகிறது. ஆட்சியர் அலுவலகம், அரசு தலைமை மருத்துவமனை, சென்னைக்குத் தினமும் இரவு ரயில் எல்லாம் உண்டு. பக்கத்து மத்தளம்பாறையில் 2011 முதல் ஸோஹோ மென்பொருள் நிறுவனத்தின் அலுவலகம் இருப்பதால் கணினி வேலை செய்கிறவரை ஊர் வேடிக்கையாகப் பார்க்காது. வாழ முடியுமா என்ற சந்தேகம் வேண்டாம். இப்படி மாறுகிறவர்கள் பெரும்பாலும் சறுக்குவது வரிசையில்தான். வீட்டைப் பிடித்துவிட்டுப் பள்ளி தேடுகிறார்கள், லாரி வந்து இறங்கிய பிறகு நெட் வருமா என்று விசாரிக்கிறார்கள். உங்கள் குடும்பத்துக்கு வரிசை இதுதான்: வேலைக்கான எழுத்து அனுமதி, அம்மாவின் மருத்துவம், மூத்த பிள்ளையின் பள்ளி, பிறகு வீடு, கடைசியில் லாரி.

வேலை. "வீட்டிலிருந்து செய்யலாம்" என்று மேலாளர் வாயால் சொன்னது போதாது. பணியிடம் தென்காசி என்றோ, நிரந்தரமாக வெளியூரிலிருந்து வேலை செய்யலாம் என்றோ மனிதவளப் பிரிவிலிருந்து மின்னஞ்சல் வாங்குங்கள். அந்த அனுமதியைத் திரும்பப் பெற்றால் எத்தனை நாள் அவகாசம் தருவார்கள் என்பதும் அதில் இருக்க வேண்டும். பிள்ளைகளின் கல்வியாண்டு நடுவில் "அடுத்த வாரத்திலிருந்து அலுவலகம் வா" என்று வந்தால் நீங்கள் மட்டும் சென்னையில் மேன்ஷன் அறை தேட வேண்டியிருக்கும். ஊரைப் பொறுத்துச் சம்பளம் மாறுமா என்பதையும் இப்போதே கேளுங்கள். பழைய வரி முறையில் வாடகைப்படிக்கு விலக்கு எடுப்பவராக இருந்தால் இன்னொரு கணக்கும் உண்டு: சென்னையில் குடியிருந்தால் அடிப்படைச் சம்பளத்தில் 50 சதவீதம் வரை என்ற வரம்பு, தென்காசியில் 40 சதவீதமாகிவிடும். வாடகையும் குறைவதால் விலக்குத் தொகை இரண்டு பக்கத்திலிருந்தும் சுருங்கும். மனைவியின் வேலையில் இன்னும் கவனம் தேவை. சிறு நகரத் தனியார் பள்ளிகளில் ஆசிரியர் சம்பளம் சென்னையில் வாங்கியதில் பாதியாகக்கூட இருக்கலாம். வாடகையில் மிச்சமாவது எல்லாம் அந்த ஒரு இடத்திலேயே போய்விடலாம் என்பதால், வேலை உறுதியாகும்வரை அவருடைய வருமானத்தை வரவில் சேர்க்காமல் கணக்குப் போடுங்கள்.

மாதாந்திரச் சென்னைப் பயணத்துக்குப் பொதிகை, கொல்லம் மெயில் இரண்டும் தினசரி உண்டு, இரண்டும் மதுரை வழியாக வருபவை. முன்பதிவு 60 நாளுக்கு முன்பு திறக்கிறது. 2024 நவம்பருக்கு முன் இருந்த 120 நாள் கணக்கு இப்போது இல்லை. அலுவலகம் போகும் தேதியை இரண்டு மாதம் முன்பே முடிவு செய்து, திறந்த அன்றே போக வர எடுத்துவிடுங்கள். பொங்கல், தீபாவளி, குற்றால சீசன் வார இறுதிகளில் தட்காலை நம்பாதீர்கள். இடம் கிடைக்காத நாளுக்கு மாற்றுவழி திருநெல்வேலி. அங்கிருந்து 2023 செப்டம்பர் முதல் எழும்பூருக்கு வந்தே பாரத் ஓடுகிறது, நெல்லை எக்ஸ்பிரஸும் இருக்கிறது. தென்காசியிலிருந்து நெல்லைக்குப் பஸ்ஸில் ஒன்றரை மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள்.

அம்மாவின் மருத்துவம்தான் இந்த முடிவின் முதுகெலும்பு, அதனால் சற்று விரிவாகவே சொல்கிறேன். சர்க்கரைக்கும் ரத்தக்கொதிப்புக்கும் தென்காசியில் குறையே இருக்காது. சிக்கல் அவசரத்தில் வரும். நெஞ்சுவலி என்றால், அடைப்பைக் கரைக்கும் ஊசி போடும் மருத்துவமனை எது, ஆஞ்சியோ செய்யும் கேத் லேப் இரவிலும் இயங்கும் மருத்துவமனை எது என்று இரண்டு தனித்தனிக் கேள்விகள் கேட்க வேண்டும். முதலாவது ஊருக்குள் இருந்தாலும் இரண்டாவது திருநெல்வேலியாக இருக்கலாம், அது ஐம்பது கிலோமீட்டருக்கு மேல். பக்கவாதத்துக்கான ஊசி அறிகுறி தொடங்கிய நான்கரை மணி நேரத்துக்குள் போடப்பட வேண்டியது. வீட்டில் கவனிக்கத் தவறிய நேரம், ஸ்கேன் எடுக்கும் நேரம் எல்லாம் அந்தக் கணக்குக்குள் அடங்க வேண்டும். இப்போது சென்னையில் அம்மாவைப் பார்க்கும் இதய மருத்துவரிடமே போய், "இந்தத் தூரத்தில் இவரை வைத்துக்கொள்ளலாமா?" என்று நேராகக் கேளுங்கள். அவர் தயங்கினால் தென்காசியை விட்டுத் திருநெல்வேலியை, பாளையங்கோட்டைப் பக்கத்தை யோசிப்பது நல்லது. அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையும் பெரிய தனியார் மருத்துவமனைகளும் அங்கேதான் இருக்கின்றன. வாடகை கொஞ்சம் கூடும், ஆனால் உயிருக்கு அவகாசம் கிடைக்கும்.

தென்காசியே என்று முடிவானால், புறப்படும் முன் சென்னை மருத்துவமனையிலிருந்து டிஸ்சார்ஜ் சுருக்கம், ஆஞ்சியோ குறுந்தகடு, ஸ்டென்ட் விவர அட்டை, கடைசியாக எடுத்த இசிஜி ஆகியவற்றின் நகல் வாங்கிவிடுங்கள். பழைய இசிஜி கையில் இருந்தால்தான் புதிய மருத்துவர் அதில் தெரியும் மாற்றம் இன்றைக்கு வந்ததா, முன்பே இருந்ததா என்று பிரித்தறிவார். அதைப் பீரோவில் பூட்டாமல் மடித்து அம்மாவின் மருந்துப் பையிலேயே வையுங்கள். குடியேறிய முதல் மாதத்திலேயே, உடம்பு நன்றாக இருக்கும்போதே, உள்ளூர் மருத்துவர் ஒருவரிடம் காட்டிப் பதிவு செய்துவிடுங்கள். மருந்துச்சீட்டில் உள்ள எல்லாப் பெயரும் உள்ளூர்க் கடையில் இருக்காது. சென்னைக் கடைகள் சில அரிய பிராண்டுகளைக் கேட்ட மணி நேரத்தில் தருவித்துவிடும். இங்கே இரண்டு மூன்று நாள் ஆகலாம். ஆகவே மாத்திரை பத்து நாளைக்குக் கையில் இருக்கும்போதே அடுத்த மாதத்துக்குச் சொல்லிவைக்க வேண்டும். இன்சுலின் போடுகிறவர் என்றால், திறக்காத பேனாக்கள் 2 முதல் 8 டிகிரிக்குள் இருக்க வேண்டும். பயணத்தில் அவற்றைத் துணியில் சுற்றி, ஐஸ் நேராகப் படாதபடி பிளாஸ்கில் எடுத்து வாருங்கள். உறைந்த இன்சுலின் பார்வைக்கு நன்றாக இருந்தாலும் வேலை செய்யாது.

மருத்துவக் காப்பீட்டுப் பத்திரத்தில் இரண்டு இடங்களைப் படியுங்கள். ஒன்று, தென்காசி, திருநெல்வேலி அஞ்சல் குறியீடுகளில் ரொக்கமில்லாச் சிகிச்சை தரும் மருத்துவமனைகள் எவை. மற்றொன்று, மண்டலம். சில பாலிசிகளில் பெருநகரம் ஒரு மண்டலம், சிறு நகரம் இன்னொரு மண்டலம். முகவரியை மாற்றினால் பிரீமியம் குறையும் என்று ஆசை காட்டுவார்கள். ஆனால் குறைந்த மண்டலத்தில் இருந்துகொண்டு பெரிய சிகிச்சைக்குச் சென்னைக்குப் போனால், செலவில் ஒரு பங்கை நீங்களே ஏற்க வேண்டும் என்ற விதி அதனுடன் வரும். இதய நோயாளி இருக்கும் வீட்டில் அந்தக் குறைந்த பிரீமியம் வேண்டாம்.

அடுத்து பள்ளி. எட்டாவது முடித்து ஒன்பதாவது போகும் பிள்ளைக்கு இதுதான் மாறுவதற்கு ஏற்ற கடைசி ஆண்டு. பத்தாவதிலும் பன்னிரண்டாவதிலும் பள்ளி மாற்றுவது எந்தப் பாடத்திட்டத்திலும் கடினம், சிபிஎஸ்இயில் தனிக் காரணமும் அனுமதியும் வேண்டும். இந்த மே தவறினால், மூத்தவர் பதினொன்றாம் வகுப்பு சேரும்வரை காத்திருப்பதே புத்திசாலித்தனம். சிபிஎஸ்இ பள்ளிகளில் ஒன்றைக் கட்டாயம் சரிபாருங்கள்: பெயர்ப் பலகையில் சிபிஎஸ்இ என்று இருந்தாலும் இணைப்பு எத்தனையாம் வகுப்பு வரை கிடைத்திருக்கிறது? வாரியத்தின் தளத்தில் பள்ளியின் இணைப்பு எண்ணைப் போட்டால் பத்தாவது வரையா, பன்னிரண்டு வரையா என்று தெரிந்துவிடும். "சிபிஎஸ்இ முறையில் நடத்துகிறோம்" என்று மட்டும் சொல்கிறவர்களிடம் அந்த எண்ணைக் கேளுங்கள். மாநிலப் பாடத்திட்டத்துக்கு மாறுவதானால் தமிழ் முதல் பாடம். சென்னையில் இந்தியோ பிரெஞ்சோ எடுத்துப் படித்து, தமிழில் பத்தி எழுதத் திணறும் பிள்ளையை ஒன்பதாவதில் கொண்டுபோய் விட்டால் இரண்டே ஆண்டில் பொதுத்தேர்வு வந்து நிற்கும். அப்படியானால் ஏப்ரலிலேயே தமிழுக்குத் தனியாகச் சொல்லிக்கொடுக்க ஆரம்பித்துவிட வேண்டும்.

அரசுப் பள்ளி பற்றியும் யோசிக்கிறீர்கள் என்றால், ஆறாம் வகுப்பு என்ற எல்லையைத் தெரிந்துகொள்ளுங்கள். மருத்துவப் படிப்பில் 7.5 சதவீத ஒதுக்கீடு ஆறு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கே. எட்டு வரை தனியார் பள்ளியில் கல்வி உரிமைச் சட்ட இடத்தில் படித்திருந்தால் தவிர, ஒன்பதாவதில் சேரும் மூத்த பிள்ளைக்கு அது கிடைக்காது. மூன்றாவது படிக்கும் இளையவருக்கு முடிவெடுக்க இன்னும் இரண்டு ஆண்டுக்கு மேல் இருக்கிறது.

மாற்றுச் சான்றிதழ் வாங்கும்போது தாளை மட்டும் வாங்கி வந்துவிடாதீர்கள். பள்ளிக் கல்வித் துறையின் மாணவர் பதிவுத் தளமான எமிஸில் பிள்ளையின் பெயரைப் பழைய பள்ளி காமன் பூல் என்ற பொதுப் பட்டியலுக்கு விடுவித்ததா என்று அங்கேயே கேட்டு உறுதி செய்யுங்கள். விடுவிக்காவிட்டால் புதிய பள்ளியால் பெயரை இழுத்துச் சேர்க்க முடியாது. ஜூன் மாதம் முழுக்க இரண்டு பள்ளிக்கும் இடையில் போன் போட்டுக்கொண்டிருக்க நேரிடும். கட்டண பாக்கி இருந்தால் பெரும்பாலும் இந்த இடத்தில்தான் தாமதம் வரும், முதலிலேயே தீர்த்துவிடுங்கள்.

இனி வீடு. குற்றால சீசனில் இரண்டு நாள் வந்து தங்கி, சாரலில் நனைந்து, "இதுதான் நம் ஊர்" என்று முடிவு செய்கிறவர்கள் அதிகம். ஜூனிலிருந்து ஆகஸ்ட் வரை ஊர் காட்டும் முகம் ஒன்று, ஏப்ரல் வெயிலில் காட்டும் முகம் வேறு. மார்ச்சிலோ ஏப்ரலிலோ ஒரு வாரம், அதிலும் வேலை நாட்களில், ஓர் அறை எடுத்துத் தங்கி அங்கிருந்தே வேலை செய்து பாருங்கள். மேலகரம், இலஞ்சி, காசிமேஜர்புரம் பக்கம் அருவிக்கு அருகில் வீடு பார்ப்பதென்றால், சீசனில் சனி ஞாயிறு கார்கள் நகராமல் நிற்பதையும், கார்த்திகை மார்கழியில் ஐயப்ப பக்தர்கள் கூட்டத்தையும் கணக்கில் எடுங்கள். அந்தப் பகுதியில் வீடுகளை நாள் வாடகைக்கு விடும் வழக்கமும் உண்டு. ஒப்பந்தத்தில் ஜூன், ஜூலை, ஆகஸ்ட் மாதங்களும் தெளிவாக அடங்கியிருக்க வேண்டும். நாள் வாடகைக்கு விட்ட வீடு என்றால் மின் இணைப்பு வணிகக் கட்டணத்தில் இருக்கக்கூடும். மின் கட்டண ரசீதை வாங்கிப் பார்த்தால் எந்தக் கட்டணப் பிரிவு என்று இருக்கும். வீட்டு உபயோக இணைப்பு இல்லையென்றால் இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசமும் இல்லை. மாடியில் குடியிருப்பவருக்குத் தனி மீட்டர் இல்லாமல், வீட்டுக்காரர் யூனிட்டுக்கு இவ்வளவு என்று வாங்குவதும் இதே நஷ்டம்தான்.

கொல்லம் திருமங்கலம் சாலை, அதாவது தேசிய நெடுஞ்சாலை 744, ஊரைத் தொட்டுக்கொண்டு செங்கோட்டை வழியாகக் கேரளாவுக்குப் போகிறது. இரவெல்லாம் கனரக லாரிகள் ஓடும். அந்தச் சாலையிலிருந்து இரண்டு தெருவாவது உள்ளே தள்ளிப் பாருங்கள். செங்கோட்டைக் கணவாய் வழியே வரும் மேற்குக் காற்று இங்கே சாதாரணமல்ல. மேற்குப் பார்த்த வாசல், மேற்கில் பெரிய ஜன்னல், அதன் மேல் சன்ஷேடு இல்லை என்றால் சாரல் படுக்கைவரை வரும். துணி காயாது, சுவரில் பூஞ்சை பிடிக்கும். அம்மாவின் அறை மேற்கு மூலையில் வேண்டாம். புதிய மனைப்பிரிவுகளில் கட்டிய வீடு என்றால் பக்கத்தில் எந்தக் குளம், அது நிரம்பி வழியும் மறுகால் எந்த வழியாகப் பாயும் என்று வயதானவர்களிடம் கேளுங்கள். சித்திரையில் காய்ந்த ஓடையாகத் தெரியும் இடம் ஐப்பசி, கார்த்திகையில் தண்ணீர் போகும் பாதையாக இருக்கும். 2023 டிசம்பர் நடுவில் தென் மாவட்டங்களில் கொட்டிய மழையில் அந்த வீட்டு வாசலுக்குத் தண்ணீர் வந்ததா என்று கேட்டால் உடனே பதில் கிடைக்கும்.

தண்ணீருக்கு நான்கு கேள்விகள் போதும்: குழாயில் எத்தனை நாளைக்கு ஒருமுறை வரும், எவ்வளவு நேரம் வரும், சம்ப் எத்தனை லிட்டர், ஆழ்துளைக் கிணறு தனியா பொதுவா? வீட்டுக்காரரிடம் கேட்காமல் எதிர்வீட்டில் கேளுங்கள். ஆளுக்கு ஒரு நாளைக்கு 135 லிட்டர் என்ற நகர்ப்புறக் கணக்கில் ஐந்து பேருக்கு 675 லிட்டர். நான்கு நாளைக்கு ஒருமுறை வருமென்றால் 2,700 லிட்டர் பிடித்துவைக்க இடம் வேண்டும். ஆயிரம் லிட்டர் தொட்டி மட்டும் உள்ள வீடு, போரும் இல்லையென்றால், உங்களுக்கு ஆகாது. தண்ணீரில் கரைந்த உப்பின் அளவைக் காட்டும் சின்ன டிடிஎஸ் மீட்டர் ஒன்று சட்டைப் பையில் இருந்தால் பார்க்கும் வீடுதோறும் குழாய்நீர், போர்நீர் இரண்டையும் அளந்துவிடலாம். செப்டிக் டேங்க் எங்கே இருக்கிறது, கடைசியாக எப்போது எடுத்தார்கள், போரிலிருந்து எவ்வளவு தூரம் என்பதையும் கேட்க மறக்க வேண்டாம். சென்னையில் பாதாளச் சாக்கடையோடு பழகியவர்களுக்கு இந்தக் கேள்வியே தோன்றாது.

மின்சாரமும் இணையமும் சேர்ந்தே பார்க்க வேண்டியவை. துணைமின் நிலையத்துக்கு மாதம் ஒருநாள் பராமரிப்பு என்று காலை ஒன்பதிலிருந்து மதியம் இரண்டு மணிவரை, சில சமயம் மாலைவரை மின்சாரம் இருக்காது. முன்கூட்டியே அறிவித்துவிடுவார்கள், அதனால் அன்றைக்கு முக்கியக் கூட்டம் வைக்காமல் தப்பலாம். ஆடிக்காற்றில் மரக்கிளை விழுந்து போவதற்குத்தான் அறிவிப்பு இல்லை. இன்வெர்ட்டர் கணக்கைப் போட்டுப் பாருங்கள்: மடிக்கணினி 60 வாட், தனித்திரை 25, நெட் பெட்டியும் ரவுட்டரும் 20, சாதாரண மின்விசிறி 70, மொத்தம் 175. ஐந்து மணி நேரத்துக்கு 875 வாட்மணி. 12 வோல்ட் 150 ஏஎச் பேட்டரி காகிதத்தில் 1,800 வாட்மணி. ஆனால் ஈய அமில பேட்டரியைப் பாதி, மிஞ்சினால் அறுபது சதவீதம் வரைதான் இறக்கலாம், இன்வெர்ட்டரிலும் ஒரு பங்கு வெப்பமாகப் போகும். கையில் மிஞ்சுவது 750 முதல் 900. அதாவது, மட்டுமட்டு. மின்விசிறியை 30 வாட் பிஎல்டிசியாக மாற்றினால் தேவை 675 ஆகிறது, மூச்சுவிட இடம் கிடைக்கும். இரண்டாவது பேட்டரி வாங்குவதைவிட மின்விசிறி மாற்றுவது மலிவு.

வீட்டில் மின்சாரம் இருந்தும் நெட் போய்விடும், காரணம் இது: பைபர் இழை உங்கள் வீடு வரை வருவதற்கு நடுவில் மின்சாரம் தேவையில்லை, ஆனால் அது புறப்படும் இடத்தில் தேவை. பிஎஸ்என்எல் இழை தொலைபேசி நிலையத்திலிருந்து நேராக வந்தால் அங்கே பேட்டரியும் ஜெனரேட்டரும் இருக்கும். கேபிள்காரரின் இணைப்பு என்றால் இழை புறப்படும் ஓஎல்டி என்ற கருவி யாரோ ஒருவர் வீட்டு மாடியில், இரண்டு மணி நேரம் தாங்கும் சின்ன யுபிஎஸ்ஸில் இருக்கலாம். "உங்க ஓஎல்டி எங்கே இருக்கு, பேக்கப் எத்தனை மணி நேரம்?" என்று கேட்டால், தெரிந்தவர் கேட்கிறார் என்று சரியான பதில் வரும். பைபர் ஒன்று, வேறு நிறுவனத்தின் செல்பேசி நெட் ஒன்று என்று இரண்டு வழியும் வேண்டும். முன்பணம் கொடுக்கும் முன், இருக்கிற எல்லா சிம்மையும் எடுத்துக்கொண்டு போய், நீங்கள் உட்கார்ந்து வேலை செய்யப்போகும் அறையில், கதவைச் சாத்திக்கொண்டு வேகம் பாருங்கள். காலையில் ஒருமுறை, இரவு எட்டிலிருந்து பத்துக்குள் ஒருமுறை. மொட்டை மாடியில் கிடைக்கும் ஐந்து புள்ளி சிக்னலால் பயன் இல்லை.

வீடு தேடுவதற்குத் தளங்களை நம்ப வேண்டாம், நல்ல வீடுகள் அங்கே ஏறாது. தேய்ப்புக்கடை, பால்காரர், மளிகைக்கடை ஆகியோரிடம் சொல்லிவைத்தால் வரும். சாதி, சைவமா அசைவமா என்று முகத்துக்கு நேராகக் கேட்பார்கள். அது கசக்கும், ஆனால் எதிர்பார்த்தே போங்கள், மறைத்துச் சேர்ந்தால் பிறகு வரும் மனஸ்தாபம் பெரிது. ஆடியிலும் மார்கழியிலும் யாரும் குடி மாற மாட்டார்கள் என்பதால் ஆனிக்குள் பால் காய்ச்சிவிட வேண்டும் என்ற நெருக்கடி வைகாசியில் இருக்கும். மே மாதம் வீடு வேண்டுமென்றால் மார்ச் கடைசியிலேயே பேசி வைத்துவிடுங்கள். முன்பணத்துக்கு 2017ஆம் ஆண்டு வாடகைச் சட்டம் மூன்று மாத வாடகையை அளவாகக் குறிக்கிறது, பேசும்போது அதை எடுத்துச் சொல்லலாம். ஒத்திக்கு வீடு தருகிறேன் என்பார்கள். மொத்தமாக ஒரு தொகை கொடுத்து, வாடகையில்லாமல் இருந்து, போகும்போது தொகையைத் திரும்ப வாங்கும் முறை. வீட்டின் மேல் வங்கிக் கடன் இருந்தால் உங்கள் தொகை அந்தக் கடனுக்குப் பின்னால் வரிசையில் நிற்கும். வில்லங்கச் சான்று பார்த்து, சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவு செய்தால் தவிர ஒத்தி வேண்டாம்.

பணத்தில் ஒரு சிக்கல் எல்லோருக்கும் வருகிறது. சென்னை வீட்டு முன்பணம் நீங்கள் காலி செய்து, வெள்ளையடிக்கக் கழித்து, சில வாரம் கழித்துத்தான் கைக்கு வரும். அதற்கு முன்பே தென்காசி முன்பணம், பள்ளிக் கட்டணம், லாரி மூன்றையும் கொடுத்தாக வேண்டும். அந்த இடைவெளிக்கான தொகை தனியாக இருக்கட்டும், கிரெடிட் கார்டை நம்பி இறங்காதீர்கள்.

சாமான். அறுநூறு கிலோமீட்டருக்கு மேல். இரண்டு படுக்கையறைச் சாமானுக்கு 14 அடி லாரி சரியாக இருக்கும், ஐந்து பேர் வீட்டில் கட்டில், பீரோ அதிகமென்றால் 17 அடி. "பார்ட் லோடு" என்று மற்றவர் சாமானோடு சேர்த்து ஏற்றுவது மலிவு, ஆனால் நடுவழிக் கிட்டங்கியில் இறக்கி வேறு வண்டிக்கு மாற்றுவார்கள். உடைவதும் தொலைவதும் அங்கேதான். முழு லாரி எடுத்து, ஏற்றிய வண்டியே இறக்கும் வண்டி என்று ரசீதில் எழுதி வாங்கி, பதிவெண்ணைப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். தென் மாவட்டத்திலிருந்து வந்து சென்னையில் சரக்கு இறக்கிவிட்டுத் திரும்பும் வண்டி கிடைத்தால் வாடகை நன்றாகக் குறையும், ஆனால் தேதி உங்கள் கையில் இருக்காது. மேற்கூரை மூடிய வண்டி இல்லையென்றால் தார்ப்பாய் இரண்டு அடுக்கு போடச் சொல்லுங்கள்.

பிரிட்ஜை ஒருநாள் முன்பே நிறுத்தித் துடைத்து, நிமிர்த்தி வைத்தே ஏற்ற வேண்டும். சாய்த்துக் கொண்டுவந்திருந்தால் இறக்கிய பிறகு சில மணி நேரம் நிமிர்ந்து நிற்கவிட்டுத்தான் சுவிட்ச் போட வேண்டும், இல்லையென்றால் கம்ப்ரசர் எண்ணெய் குழாயில் ஏறிக் கெடுக்கும். முன்பக்கம் திறக்கும் வாஷிங் மெஷினுக்கு வாங்கியபோது தந்த டிரான்சிட் போல்ட்டுகளைத் தேடி மாட்டுங்கள். அவை இல்லாமல் ஆடிக்கொண்டே வந்தால் டிரம்மைத் தாங்கும் ஸ்பிரிங் போய்விடும். ஏசியைக் கழற்றும்போது கேஸை வெளிப்புறப் பெட்டிக்குள் இழுத்துப் பூட்டச் சொல்லுங்கள். வெறுமனே வெட்டிக் கழற்றினால் இங்கே புதிதாக கேஸ் அடிக்க வேண்டும். இன்வெர்ட்டர் பேட்டரி நிமிர்ந்தே நிற்க வேண்டும், முனைகளை டேப் சுற்றி, மேலே எதுவும் வைக்காமல். கேஸ் சிலிண்டரை லாரியில் ஏற்றக் கூடாது. பழைய ஏஜென்சியில் சிலிண்டரையும் ரெகுலேட்டரையும் ஒப்படைத்து, மாற்று வவுச்சரும் வைப்புத்தொகையும் வாங்கி, தென்காசியில் அதே நிறுவனத்தின் ஏஜென்சியில் காட்டி மறுபடி வைப்புத்தொகை கட்டினால் இணைப்பு தொடரும். நடுவில் இரண்டு மூன்று நாள் ஆகலாம், இன்டக்ஷன் அடுப்பைக் கைக்கெட்டும் பெட்டியில் வையுங்கள்.

முகவரி மாற்றத்திலும் வரிசை உண்டு. பதிவு செய்த வாடகை ஒப்பந்தம் முதலில், அதை வைத்து ஆதார், ஆதாரை வைத்து வங்கி, குடும்ப அட்டை, ஓட்டுநர் உரிமம், கடைசியில் காப்பீடு. வாக்காளர் பட்டியலுக்குப் படிவம் 8. வண்டியின் பதிவுச் சான்றில் முகவரியை 30 நாளுக்குள் மாற்றச் சொல்கிறது சட்டம். தமிழ்நாட்டுக்குள்ளேயே என்பதால் எண் மாறாது, ஆனால் வண்டிக்கடன் இருந்தால் நிதி நிறுவனத்தின் கடிதம் வேண்டும், அதைச் சென்னையிலிருந்து கிளம்பும் முன்பே வாங்கிவிடுவது எளிது. பைக்கை லாரியில் ஏற்றினாலும் ரயிலில் பார்சல் போட்டாலும் பெட்ரோலை முழுக்க இறக்கிவிட வேண்டும்.

நிலம் வாங்கும் ஆசை வந்தே தீரும், சென்னை விலையோடு ஒப்பிட்டால் எல்லாமே மலிவாகத் தெரியும். முதல் ஒரு வருடம், ஒரு சாரலும் ஒரு கோடையும் முடியும்வரை, வாடகையில் இருங்கள். பிறகு பார்க்கும்போது, 2016 அக்டோபர் 20க்குப் பிந்தைய அங்கீகாரமில்லாத மனைப்பிரிவைத் தொடவே வேண்டாம். முப்பது ஆண்டு வில்லங்கம், பட்டா, நில அளவை வரைபடமான புலப்படம், வருவாய்த் துறையின் நிலப் பதிவேடான அ-பதிவேடு நான்கிலும் ஒரே சர்வே எண், ஒரே பரப்பு இருக்கிறதா என்று பாருங்கள். மலையடிவாரக் கிராமம் என்றால், மலைப்பகுதிப் பாதுகாப்புக் குழும அனுமதி தேவைப்படும் பட்டியலில் அந்தக் கிராமம் இருக்கிறதா என்று நகர ஊரமைப்பு அலுவலகத்தில் கேளுங்கள். கோயிலைச் சுற்றியுள்ள பழைய தெருக்களில் வீடு விற்பவர் கட்டடத்துக்கு மட்டும் உரியவராகவும், அடிமனை கோயிலுக்குச் சொந்தமாகவும் இருக்கலாம். அ-பதிவேட்டில் உரிமையாளர் பத்தியைப் பார்த்தால் அது தெரிந்துவிடும். தாசில்தார் அலுவலகத்தில் அந்தப் பக்கத்தின் நகல் கைக்கு வரும்வரை முன்தொகை என்று ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள்.